மூன்று எடையுள்ள பெட்டி

உலகத்தில் இசை கேட்பவர்கள் உண்டு, கேட்காதவர்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே, கேட்பதற்குத் தயாராகிக்கொண்டே இருப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. இவர்களை நீங்கள் அவசியம் பார்த்திருப்பீர்கள். சிடி பிளேயர் விற்கும் கடைகளில், அதுவும் சாமானியன் வாசற்படி மிதிக்கவே யோசிக்கும் உயர்ரகக் கடைகளில், கருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதன் விவரச்சீட்டை மூக்கில் இடிக்கும்படி பிடித்து நிற்பார்கள். பின்னால் கருவி பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். யார் கேட்டார்கள்?

இந்த இனத்துக்கு நல்ல மாதிரியாக ஒரு லிப்ட் இன்ஸ்பெக்டரை உங்கள் முன் நிறுத்துகிறேன். கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அடிக்குறிப்பு’. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கடைசியில் இருக்கும் அந்த எறும்பு எழுத்தைத்தான் முதலில் படிப்பார். தொழில் அப்படி. லிப்டுக்குள் இருக்கும் தகட்டில் எட்டுப் பேர் என்றும் மேலே மோட்டார் அறைத் தகட்டில் ஒன்பது பேர் என்றும் இருந்தால் போதும், மறுபேச்சில்லாமல் சீல் வைத்துவிட்டு, தானும் பத்து மாடியைப் படி வழியாகவே இறங்கிப் போவார். அவரால் முழங்கால் தேய்ந்தவர்கள் ஏராளம். ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட லிப்டில் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த நம்பிக்கையில்தான் அவருடைய மகள், மாதம் பிறந்த முதல் நாள், தன்னுடைய முதல் சிடியை மேலுறை கூடப் பிரிக்காமல் அவர் கையில் கொடுத்தாள். ஓர் இசைக்குழு அவளை ஒரு வருடம் ஊர் ஊராகத் தங்களோடு வரும்படி அழைத்திருந்தது. போவதென்றால் கைநிறையச் சம்பளம் தரும் வேலையை விட வேண்டும். பதினைந்தாம் தேதிக்குள் பதில் எழுத வேண்டும்.

“கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. வேலைய விட்டுட்டுப் போற அளவுக்கு நான் இருக்கேனா இல்லையா. அம்மா நான் எது பண்ணாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க.”

மனிதர் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டில் ஒரு சிடி பிளேயர் இருக்கத்தான் இருந்தது. சமையலறை அலமாரியில், மூடி நிற்காததால் தலையில் உப்பு ஜாடியைச் சுமந்துகொண்டு.

“உன் சிடிய அந்த டப்பாவுல போட்டுக் கேட்டா, அது உனக்கு நான் பண்ற அவமரியாதை இல்லையாம்மா? பொறு, நல்ல மிஷினா ஒண்ணு வாங்கிடறேன்.”

அவருடைய அன்பில் குற்றம் சொல்ல முடியாது. அன்புதான் அவரைக் கடைக்கு விரட்டியது. அங்கே ஒரு பெட்டியைப் பார்த்தார், பிடித்துப்போயிற்று, விவரம் படித்தார், கெட்டது. விளம்பரப் புத்தகத்தில் எடை 16.8 கிலோ. உள்ளே வைத்திருந்த கையேட்டில் 17.2. கம்பெனியின் இணையப் பக்கத்தில் 16.3. இசையோடு கலந்து வரும் இரைச்சல் எவ்வளவு குறைவு என்று காட்டும் எண், ஓரிடத்தில் 115 டெசிபல், இன்னோரிடத்தில் 118. 118-க்குத் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்துக்கு உரிய அடிக்குறிப்பை அவர் பக்கம் பக்கமாகத் தேடினார். எங்கேயும் இல்லை!

“சார், கொஞ்சம் கேட்டுத்தான் பாருங்களேன்” என்றார் விற்பனையாளர்.

“கேக்கறது இருக்கட்டும். பதினாறு புள்ளி எட்டா, பதினேழு புள்ளி ரெண்டா?”

“சார், நீங்க வச்சுக் கேக்கப் போறீங்களா, தலையில தூக்கிட்டு நடக்கப் போறீங்களா?”

“எடையையே ஒழுங்கா சொல்லத் தெரியாதவன் இரைச்சல மட்டும் ஒழுங்கா சொல்லியிருப்பானா?”

இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? விற்பனையாளரிடமும் இல்லை. இந்த இனத்தாரோடு இதுதான் தொல்லை, அவர்கள் பேசுவதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது.

கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். ஒன்பதாம் தேதி பதில் வந்தது. ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. மூன்று எடைகளும் சரியே. விவரங்கள் முன்னறிவிப்பின்றி மாறக்கூடும்.’ அதைச் சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படித்தார்.

“மாறக்கூடுமாம்! எடை எப்படி மாறும்? அது என்ன பட்டினி கிடந்து இளைக்குமா?”

“மூணும் சரின்னுதான் சொல்லிட்டானே. ஒண்ண வாங்கித் தொலைங்களேன்” என்றாள் மனைவி. அவள் தன்னிடம் இருந்த இன்னொரு பிரதியை முதல் நாளே உப்பு ஜாடியின் கீழே போட்டுக் கேட்டாயிற்று. தினமும் காய் நறுக்கும்போது கேட்கிறாள். அவளை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி பெட்டி வீட்டுக்கு வந்தது. வந்ததும் பாடிவிடுமா? முதலில் எடை போட வேண்டாமா? அவர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடைமிஷின் மேல் ஏறினார், பெட்டி இல்லாமல் ஏறினார், கழித்துப் பார்த்தார். சாப்பிடுவதற்கு முன் ஒரு விடை, சாப்பிட்டபின் வேறு விடை. நோட்டில் நாலாவது கட்டம், ஐந்தாவது கட்டம் என்று போட்டுக்கொண்டே போனார். முகத்தில் ஒரு தேஜஸ் வந்திருந்தது என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னாள்.

பதினான்காம் தேதி சாயங்காலம் மகள் வேலையிலிருந்து வந்தபோது சிடி சுழன்றுகொண்டிருந்தது. அப்பா தரையில் மண்டியிட்டு, ஸ்பீக்கரில் காதை ஒட்டி, கண்ணை மூடியிருந்தார். அவள் தோள்பையைக் கூட இறக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். மூச்சு விடவும் பயமாக இருந்தது அவளுக்கு. அவர் பொத்தானைத் தட்டித் தட்டித் தாண்டிக்கொண்டிருந்தார், நின்றார், கேட்டார், மறுபடி தட்டினார். கடைசியில் எழுந்து, நோட்டை மூடிவிட்டு, மலர்ந்த முகத்தோடு திரும்பினார்.

“பிரமாதம்மா!”

“நிஜமாவாப்பா?”

“ரெண்டாவது உருப்படிக்கும் மூணாவது உருப்படிக்கும் நடுவுல நாலு செகண்ட் இடைவெளி வருது பாரு, ஒரு பொட்டு இரைச்சல் இல்ல. நூத்திப் பதினெட்டுதான் சரி.”

“சரிப்பா. மத்த இடத்துல?”

“மத்த இடத்துல எப்படிம்மா சோதிக்கறது? அங்கெல்லாம் நீ குறுக்க வர்றியே.”

மகள் தோள்பையை இறக்கினாள். சமையலறை வாசலில் இருந்து அம்மா, “நான் தினமும் கேக்கறேன்டி. யோசிக்காத, போ” என்றாள்.

“நீங்க அம்மா. அப்படித்தான் சொல்லுவீங்க” என்று சொல்லிவிட்டுப் பெண் தன் அறைக்குள் போய்விட்டாள்.

பதினாறாம் தேதி, சோதிக்க இனி எதுவும் மிச்சமில்லை என்ற நிலையில், இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து சிடியை முதலிலிருந்து போட்டார். ஒன்பது உருப்படிகள். மூன்றாவதில் நோட்டைக் கீழே வைத்தார். ஐந்தாவதில் கண்ணாடியைக் கழற்றினார். முடிந்ததும் இன்னொரு முறை போட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளின் அறைக்கு ஓடினார்.

“போம்மா! கண்டிப்பா போ. இதுக்கு முன்னாடி அந்த வேலையெல்லாம் ஒரு வேலையா?”

அவள் மறுநாளைக்கான உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். “நேத்தே வரலன்னு எழுதிட்டேன்ப்பா. கடைசி நாளாச்சே.”

அவர் அந்தக் குழுவின் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், இணைப்புப் படிவத்தைப் பார்த்தார், உறையின் முதுகைப் பார்த்தார், எறும்பு எழுத்துகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார். ஏதாவது ஒரு மூலையில் இருபது என்று ஒருவன் தப்பாக அச்சடித்திருக்க மாட்டானா என்று அந்த மனிதர் ஏங்கியது போல் அதற்கு முன் எதற்கும் ஏங்கியதில்லை. எல்லா இடத்திலும் பதினைந்து. ஒரு நட்சத்திரக் குறி கூட இல்லை.

“பதினஞ்சுதான் போட்டிருக்கான்” என்றார்.

“ஆமாப்பா” என்று அவள் சட்டையைத் திருப்பிப் போட்டாள்.

அடப்பாவமே என்று உச்சுக்கொட்டுகிறீர்கள். கொட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்களே, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பெட்டியின் அசல் எடை எதுவென்று உங்களுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்ததா, இல்லையா? அந்தப் பெண் பாடுகிறவளா, வாத்தியம் வாசிக்கிறவளா என்று நான் இதுவரை சொல்லவே இல்லை. நீங்களும் கேட்கவில்லை.