பூசணிக்காய் அழுத நாள்

ஜூலை 11, 1988

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. "முகமூடி அண்ணியைப் பார்த்ததும் அழுதது" என்று எழுதியிருக்கிறேன். அண்ணி அப்போது சமையலறையில் இருந்தாள். முகமூடி அவளைப் பார்க்கவே இல்லை. ஊர் சொன்னதை நானும் எழுதிவிட்டேன். பார்த்ததை மட்டும் எழுது, மணியோடு எழுது என்பது நான் போகும் மாலை அறிவியல் வகுப்பின் முதல் பாடம். இரண்டு மாதம் படித்த லட்சணம் இது.

ஆகவே, பார்த்தது மட்டும்.

மூன்று நாளாக எங்கள் முற்றத்தில் அண்ணிக்காகப் பேய் விரட்டும் முகமூடிக் கூத்து. ஆற்றுக்கு அக்கரையிலிருந்தும் கூட்டம். இடம் போதாமல் பன்றித் தொழுவத்தின் கூரைமேல் பதினோரு பேர். கூத்து நன்றாகத்தான் இருக்கிறது. அதை யார் பார்க்கிறார்கள்? எல்லோரும் வருவது மலையுடைக்கும் தளபதி அழுவதைப் பார்க்க. கொம்பும் கோரைப்பல்லுமாக ஒரு மரமுகம். தலைமுறை தலைமுறையாக அது யாருக்கும் அழுததில்லை. இந்த வசந்தத்தில், கூத்து நடத்தும் சியாங் வாத்தியார் அதற்குத் தடித்த பித்தளைக் கண்கள் பதித்தார். கண் வந்தது, கண்ணீரும் வந்தது.

அண்ணி குய்லியானுக்கு இது எட்டாம் மாதம். முகம் வீங்கியிருக்கிறது. தலைவலி. கண்முன் புள்ளிகள் பறக்கின்றன என்கிறாள். சுகாதார நிலைய நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, உடனே ஆற்றைக் கடந்து மாவட்ட மருத்துவமனைக்குப் போகும்படி சீட்டு எழுதினாள். வாத்தியார் வேறு சீட்டு எழுதினார்: தளபதியின் கண் காயும்வரை அவள் ஆற்றைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பிள்ளை தங்காது. நர்சின் சீட்டு அண்ணனின் சட்டைப்பையில் கிடக்கிறது. தளபதி நாளுக்கு ஒரு சேவலும் ஒரு பன்றித்தொடையும் வாங்கிக்கொண்டு அழுகிறார். இந்தக் கூலிக்கு நான் இன்னும் நன்றாகவே அழுவேன்.

இன்று பெட்டி திறந்தது 9.40. துணியை விலக்கியபோது கண்கள் காய்ந்திருந்தன. 9.46-க்குப் பித்தளையில் முத்து முத்தாக நீர். 9.55-க்கு வாத்தியார் துணி போட்டு மூடிப் பெட்டியைக் குகைக்கு அனுப்பிவிட்டார். தளபதி குகையில்தான் தூங்குவாராம். ஊரே ஊறுகாய் ஜாடியும் பூசணியும் வைக்கிற குகை அது.

மதியம் ஊறுகாய் எடுக்கப் போனேன். வெளியே கொண்டுவந்ததும் ஜாடியின்மேல் வியர்த்தது. வழக்கம்போல இடுப்பில் கட்டிய துணியால் துடைத்தேன். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது. விவரம் தெரிந்த நாளிலிருந்து இதைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பெயரே குளிர்குகை.

குகைக் குளிரில் கிடந்த பித்தளையும் ஜாடியைப் போல வியர்க்கிறதோ? என் எண்ணம் தவறாகவும் இருக்கலாம். தவறானால், அண்ணிக்கு என்ன நேர்ந்தாலும் என் வாய்தான் காரணம் என்பார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெங் அத்தையிடம் குகையிலுள்ள அவளுடைய பூசணியைக் கேட்டேன். சாமிக்குக் காணிக்கை என்றேன். உடனே கொடுத்தாள். மூன்று நாளாக முதல் வரிசையில் அழுகிறவள் அவள்.

ஜூலை 12

காலை 9.20. பூசணியைப் பஞ்சுத் துணியில் சுற்றி, பெட்டிக்குப் பின்னாலேயே கூடையில் சுமந்து வந்தேன். சாமியின் காலடியில் வைக்கலாமா என்று வாத்தியாரிடம் கேட்டேன். தாராளமாக என்றார். காணிக்கை எதையும் அவர் மறுத்து நான் பார்த்ததில்லை.

9.35-க்கு முகமூடியின் துணி விலகியது. பூசணியின் துணியையும் நான் விலக்கினேன். சேகண்டி அடித்தார்கள். 9.41-க்குத் தளபதி அழுதார். கூட்டம் மண்டியிட்டது. மண்டியிட்டதால்தான் அவர்களுக்குப் பூசணி நேரே தெரிந்தது. அதுவும் அழுதுகொண்டிருந்தது. தளபதியைவிடத் தாராளமாக.

கோமாளி வேடக்காரன் குனிந்தான். கோணவாய் முகமூடிக்காரன். முகமூடி முகத்தில் இருக்கும்வரை அவன் பேச்சு சாமி பேச்சு, யாரும் மறுக்கக் கூடாது. அது வாத்தியார் சொல்லிக்கொடுத்த விதி.

"ஏம்மா பூசணி, உனக்கு எத்தனாவது மாசம்?" என்றான்.

தொழுவக் கூரையில் சிரிப்பு. வாத்தியார் அசரவில்லை. "சாமியோட துக்கம் பூசணிக்கும் தொத்திக்கிச்சு. எவ்வளவு பெரிய துக்கம்னு பாத்துக்குங்க" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். இப்படி ஒரு பதில் வரும் என்று நான் எழுதி வைத்திருக்கவில்லை. வெயிலில் வைத்துப் பார்க்கலாமே என்று முனகினேன். யாருக்கும் கேட்டிருக்காது.

கோமாளிக்குக் கேட்டது. முகமூடியை மூட வந்த வாத்தியாரைத் தாண்டிப் போய் அவன் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். "தளபதிக்குக் குளிருதாம். ஒரு நாழி வெயில் காயட்டும். அப்பறம் அந்தப் பொண்ணக் கூட்டி வாங்க. அவளுக்காக அழுறவரு அவளப் பாத்தும் அழுவாருல்ல?"

வாத்தியாரின் முகம் கறுத்தது. ஆனால் சாமி பேச்சாயிற்றே.

10.50. பித்தளைக் கண்கள் கோமாளியின் விரலைச் சுட்டன. அண்ணியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். வீங்கிய கண்ணால் அவள் தளபதியைப் பார்த்தாள். தளபதியும் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. பூசணியும் காய்ந்து கிடந்தது.

சட்டென்று வாத்தியார் கைகூப்பினார். சாமி மன்னித்துவிட்டது, இனி நன்றிப் பூசைக்கு மூன்று நாள் கூத்து வைக்க வேண்டும் என்று தொடங்கினார்.

அண்ணன் மாவ்சென் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தான். நான்கு நாளில் அவன் பேசிய முதல் பேச்சு இது: "கண்ணு காயுற வரைக்கும்தான ஆத்தத் தாண்டக் கூடாது? காஞ்சிருச்சு வாத்தியாரே. நான் படகு அவுக்குறேன்."

அவர்கள் படித்துறைக்கு இறங்கியதும் பெங் அத்தை எழுந்தாள். பெண்கள் தொடக்கூடாத முகமூடியைத் தொட்டாள். வானம் இடிந்து விழவில்லை. பித்தளைக் கண்ணில் விரலால் தட்டினாள்.

"வாத்தியாரே, இன்னிக்கு ராத்திரி இவரு எங்க வீட்டுப் பரண்ல தூங்கட்டும். வெதுவெதுன்னு இருக்கும். காலைல அழுறாரான்னு பாப்போம்."

"சாமி குகையிலதான் தூங்கும்" என்றார் வாத்தியார்.

"எங்க ஊறுகாயும் அங்கதான் தூங்குது. அதுக்கு நாங்க சேவல் அறுக்கிறதில்ல."

கூரையிலிருந்த பதினோரு பேரும் சிரித்த சிரிப்பில் ஓடு இரண்டு கழன்றது. வாத்தியார் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு நடந்தார். கோமாளி அப்போதும் முகமூடியைக் கழற்றவில்லை.

மாலையில் படகுக்காரர் செய்தி கொண்டுவந்தார். அண்ணியைப் படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். அழுத்தம் இறங்கத் தொடங்கியிருக்கிறது. பிள்ளையின் இதயத்துடிப்பு கேட்கிறது. சீட்டில் இருந்த தேதியைப் பார்த்து, நான்கு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். அண்ணன் சீட்டை மடித்துத் திரும்பவும் பையில் வைத்தானாம்.

பதிலை நான் சொல்கிறேன். ஜாடி அழுதால் துடைக்கிறோம், மரம் அழுதால் கும்பிடுகிறோம். துடைக்கிற கையால் ஒரே ஒரு முறை மரத்தையும் தொட்டுப் பார்த்திருந்தால் அந்த நான்கு நாளும் அண்ணிக்கு மிஞ்சியிருக்கும். யோசிக்கப் பித்தளைக் கண் வேண்டாம். இருக்கிற கண் போதும்.

நாளைய வேலை: அண்ணியின் மாற்றுடைகளைக் காலை ஆறு மணிப் படகில் கொடுத்தனுப்ப வேண்டும். சியாங் வாத்தியாரின் பெட்டி மேட்டிலுள்ள ஊர்ப் பக்கம் போவதாகக் கேள்வி. அங்கேயும் ஒரு குகை உண்டு. பெட்டி போய்ச் சேருமுன் நான் அங்கே இருக்க வேண்டும். பெங் அத்தை வேறொரு பூசணி தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.