ஐஸ் பெட்டிக்கு ஒரு கை கொடுத்த நைனா

காலை மணி பத்து நாற்பது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, வாசலில் வரிசையாகப் போட்டிருந்த நீல பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்கள் ராயபுரம் தெருவே அவற்றில் உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "எப்பம்மா ஆச்சு?" என்றார்.

எதுவும் ஆகவில்லை. என் நாவலின் கடைசி அத்தியாயம்தான் ஆகிக்கொண்டிருந்தது.

அதில் கதாநாயகியின் அப்பா சாக வேண்டும். பல வருடம் நிருபராக இருந்த கை, அவரை இப்படிச் சாகடித்திருந்தது: 'மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 68. மனைவியும் ஒரு மகளும் உள்ளனர்.' பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். "கண்ணீரையே காணோம். சாயங்காலத்துக்குள்ள மாத்திக் குடுத்தா புத்தகக் காட்சிக்கு வரும். இல்லன்னா அடுத்த வருஷம்தான்."

கண்ணீருக்கு எங்கே போவது? சொந்தச் சரக்கில் தேடினேன். சின்ன வயதில் ஒருநாள், துறைமுகத்தில் கிரேன் சாய்ந்துவிட்டதாகத் தெருவெல்லாம் பேச்சு. என் நைனா, அதாவது அப்பா, அங்கே கிரேன் ஓட்டியவர். வேலை நேரம் முடிந்தும் வரவில்லை. அவருடைய லுங்கியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன். அழவில்லை. (அழுதால் செய்தி உறுதியாகிவிடும் என்று பயம். அப்போதே நிருபர் புத்தி.) விடிந்ததும், இன்னொருவர் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சாவகாசமாக வந்து சேர்ந்தார்.

அந்த லுங்கியை நினைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். விரல்கள் பறந்தன. எழுதியதை வாய்விட்டுப் படித்தேன்: "நைனா, என்னை வுட்டுட்டுப் பூட்டியே." குரல் உடைந்தது. உடைந்த குரலில் இன்னும் நன்றாக இருந்ததால், மறுபடியும் சத்தமாகப் படித்தேன். இப்படி ஓர் எழுத்தாளர் இந்தத் தெருவில் பிறந்ததே இல்லை என்ற பூரிப்பில் மூன்றாவது முறையும்.

எங்கள் தெருவில் அழுகுரல் கேட்டால் யாரும் விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். முதலில் நாற்காலி வந்துவிடும்.

"அக்கா, அது கதைக்கா," என்றேன்.

"பாவம், புத்தி பேதலிச்சுப் பூட்ச்சு. தண்ணி குடுங்க," என்றார் பிலோமினா அக்கா.

அப்போது தெருமுனையில் ஐஸ் பெட்டி திரும்பியது. இறந்தவரை வைக்கிற நீளமான கண்ணாடிப் பெட்டி. குறுகலான திருப்பத்தில் அதைத் தூக்கி வந்தவர்கள் திணற, மீன்பையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு ஒருவர் பின்னால் ஒரு கை கொடுத்திருந்தார். "லெப்ட்ல ஒடிப்பா, செவுத்துல இடிக்கப் போவுது," என்று கிரேன்கார அதிகாரம் வேறு. காசிமேட்டு மீன் சந்தையிலிருந்து திரும்பிய என் நைனா.

"யாருக்குப்பா பொட்டி?" என்று கேட்டார்.

"தெர்யாதா பெருசு? கிரேன் ஓட்டிகினு இருந்து ரிட்டயர் ஆனாரே, அவருக்குத்தான்," என்றார் பெட்டிக்காரர்.

நைனா பெட்டியை மெதுவாக இறக்கினார். நாற்காலிகளைப் பார்த்தார். யாரோ கொண்டுவந்திருந்த மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எனுக்காம்மா?"

நான் ஓடிப்போய் அவர் கட்டியிருந்த லுங்கியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். (இது அத்தியாயத்துக்காக இல்லை.)

"தோ பாரு, மீன் நசுங்குது," என்றார். பிறகு பெட்டிக்காரரிடம் திரும்பினார். "கொண்டாந்தது கொண்டாந்துட்ட. வஞ்சிரத்தை உள்ள வெச்சிடலாமா?"

இன்றும் நான் வெங்காயம் நறுக்கி மூக்கை உறிஞ்சினால் போதும், பிலோமினா அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "கதையா, நெசமா?" என்பார். தன் சாவுக்கு யார் யார் வந்தார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பது நைனாவின் பெருமை. வராத எதிர்வீட்டுக்காரரோடு அவர் இன்னும் பேசுவதில்லை.

அன்று சாயங்காலமே அத்தியாயத்தை அனுப்பிவிட்டேன். அதில் அப்பா சாகவில்லை. மீன்பையோடு வீட்டுக்கு வருகிறார்.