பதின்மூன்றாவது கோடு

கல்லைக் கண்டால் கடிகாரம் என்று சொல்லும் இனம் ஒன்று மயிலாப்பூரில் இருக்கிறது. கோயில் தூணோ, குளத்துப் படியோ, மாடு முதுகு சொறிந்துகொள்ளும் கல்லோ, எதிரே போய் நின்று, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குடைக்காம்பால் நிழலை அளந்து, "ஓய், இது சும்மா கல் இல்லை" என்பார்கள். அகப்பட்டீர், தொலைந்தீர். கல்லை நட்டு நிழல் பார்த்துப் பருவம் கண்ட முன்னோர் உண்டு, நான் மறுக்கவில்லை. அதற்காக எல்லாக் கல்லுமா?

இந்த இனத்தில் தலையானவர் எங்கள் தெரு வேதாந்தம், பென்ஷன்காரர். சபையில் இதைப் பிரசங்கம் செய்ய ஆறு வருஷமாய் ஆசை. காரியதரிசி வக்கீல் ஸ்ரீனிவாசராகவன் ஆறு வருஷமாய்த் தட்டிக்கழித்தார். இந்தத் தை முதல் தேதி விடியலில் வக்கீலையும் என்னையும் ஜட்காவில் அள்ளிப் போட்டுக்கொண்டு திருவான்மியூர்க் கடற்கரைக்கு வந்துவிட்டார். மணலில் இடுப்புயரக் கல் ஒன்று.

"பாரும், உத்தராயண சூரியன்! நிழல் கோயில் பக்கமா விழறது!"

காலைச் சூரியனுக்கு நிழல் பின்னே கடல் பக்கமா விழும்? நான் கேட்கவில்லை. காப்பி குடிக்காத வாய்.

"உச்சியிலே பன்னிரண்டு கோடு. மாசத்துக்கு ஒண்ணு. எண்ணிக்கோங்கோ!"

வக்கீல் எண்ணினார். "பதிமூணு இருக்கே, ஓய்."

வேதாந்தத்தின் முகம் விழுந்துபோயிற்று. தானும் எண்ணினார். கடைசிக் கோடு புத்தம் புதிதாய், வெள்ளையாய்ப் பளிச்சென்று இருந்தது. ஆறு வருஷத்துப் பிரசங்கம் அலையோடு போகப் பார்த்தது. அந்த நேரம் பார்த்தா மீன்காரி குப்பம்மா கத்தியும் கூடையுமாய் வந்து நிற்க வேண்டும்?

"இன்னா சாமி, எங் கல்லாண்ட எண்ணிக்கினு கீறீங்க? அது நா கத்தி தீட்ற கல்லு. நேத்து வஞ்சிரம் அறுக்க சொல்ல மொண்ணையாப் பூட்சி, புச்சா ஒரு எடத்துல தீட்னேன்."

வக்கீல் வேதாந்தத்தைப் பார்த்தார். வேதாந்தம் வானத்தைப் பார்த்தார். ஒரே ஒரு மூச்சு.

"அதிக மாசம், ஓய்! சில வருஷம் கூடுதலா ஒரு மாசம் வருமே, அதையும் விட்டுவைக்கலை பாரும்! முன்னோர் ஞானம் வழிவழியா இவ கையிலே தங்கியிருக்கு. அவளுக்கே தெரியலை!"

"மெய்யாலுமா?" என்று குப்பம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வக்கீலே தேதி குறித்தார்; மறு ஞாயிறே பிரசங்கம். நிற்க இடமில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் கை தட்டியவன் நான்தான்.

சிரிக்கிறீரா? நன்றாய்ச் சிரியும். சிரித்து முடித்ததும் எழுந்து சமையல்கட்டுக்குப் போகிறீரே, எதற்கு? அம்மியில் எத்தனை கோடு என்று எண்ணத்தானே?