டிரையா, கிரேவியா?

உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் இரண்டே வகையாகப் பிரித்த ஒரே மனிதர் ஓசூர் சைனா பாய்தான். ஒன்று டிரை, இன்னொன்று கிரேவி. மூன்றாவது வகை ஒன்று இருப்பதாக அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், டயர் கடைக்கும் பேன்சி ஸ்டோருக்கும் நடுவே ஆறு மேஜை போட்ட சைனீஸ் ஓட்டல் அவருடையது. சைனா பாய் என்பது நாங்கள் வைத்த பெயர். நிஜப் பெயர் என்னவென்று ஒன்பது வருடம் சாப்பிட்ட எனக்கே தெரியாது. அந்தப் பக்கம் பெங்களூரு, இந்தப் பக்கம் சூளகிரி, அவ்வளவுதான் அவர் பார்த்த உலகம். ஆனால் சீனாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பக்கத்துத் தெருவில் இருப்பதுபோல் பேசுவார்.

மற்ற கடைகளில் கோபி மஞ்சூரியன் கேட்டால் சர்வர் வந்து, "டிரையா, கிரேவியா?" என்று கேட்பார். இங்கே அந்தக் கேள்வியே கிடையாது. பாய் அடுப்படியிலிருந்து தலையை நீட்டி உங்கள் முகத்தைப் பார்ப்பார். அவரே முடிவு செய்துவிடுவார். எங்கள் கம்பெனி மேனேஜர் மூன்று முறை கிரேவி கேட்டு, மூன்று முறையும் டிரை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

"அந்தாளு சிரிச்சு நீ பாத்திருக்கியா? அவருக்குப் போயி கிரேவியா?" என்றார் பாய்.

எதிர்த்துப் பேசினால் தமிழ் போய்க் கன்னடம் வந்துவிடும். "ஆகல்ல, ஹோகி!" என்று கரண்டியை வாசல் பக்கம் நீட்டுவார். கன்னடம் தெரியாதவர்களுக்கும் அது உடனே புரிந்துவிடும்.

நான் விருதுநகர்ப் பக்கம். இங்கே ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் வேலை. நாள் முழுக்க உதிரிபாகங்களோடு இருப்பதாலோ என்னவோ, எனக்கு மனிதர்களிடம் பேச்சு வராது. முதல் நாளே பாய் என்னை டிரையில் போட்டுவிட்டார். ஒரே ஒரு தடவை கிரேவி கொடுங்கள் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன்.

"தம்பி, நானும் டிரை, நீயும் டிரை. மூட்டை மூட்டையா வெங்காயம் அரியறேன், ஒரு சொட்டு கண்ணீர் வந்துருக்கா எனக்கு? நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் கிரேவி ஒட்டாதுடா."

அவருடைய ஐட்டம் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை எழுதிய பெயிண்டருக்குச் சொந்த ஊர் போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் மத்தூர். கைப்பழக்கத்தில் 'கோபி மஞ்சூரியன்' என்பதைக் 'கோபி மத்தூரியன்' என்று எழுதிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அழித்து எழுதச் சொல்லியிருப்பார்கள். பாய் பலகையை அப்படியே விட்டுவிட்டு வரலாற்றைத் திருத்தினார்.

"இது மத்தூர் ஐட்டம் தம்பி. அங்கருந்துதான் சீனாவுக்கே போச்சு. அவங்க வாயில நுழையல, மஞ்சூரியன்னு மாத்திக்கிட்டாங்க."

அது தப்பு என்று சொன்ன தமிழாசிரியர் ஒருவருக்கு அன்று பார்சல்கூடக் கிடைக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயது முப்பத்திரண்டு. நான்கு இடம் பார்த்து, நான்கும் தட்டிப்போயிருந்தது. நான்கு வீட்டிலும் ஒரே பதில்: "பையன் வாயே திறக்கல." ஐந்தாவதாக வந்தவள் கோகிலா. போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை. ஓசூரில் அவளுடைய சித்தி வீடு இருந்தது. "பாய் கடையிலயே பாத்துக்கலாம், எனக்கும் கோபி புடிக்கும்" என்று சித்தியே இடத்தை முடிவு செய்துவிட்டார். அம்மா போனில், "இதுவும் போச்சுன்னா இனிமே யாரு வாசல்லயும் போயி நிக்க மாட்டேன், பாத்துக்கோ" என்றாள். குரலைக் கேட்டால் விளையாட்டாகத் தெரியவில்லை.

சனிக்கிழமையே பாயிடம் ஓடினேன்.

"பாய், நாளைக்கு ஒரு நாள் மட்டும் அவங்க கேக்கறதக் குடுத்துருங்க. வாழ்க்கைப் பிரச்சினை."

"பொண்ணு டிரையா, கிரேவியா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்குத்தான பாக்கப் போறேன்!"

"டிரையா இருந்தா வேணாம்டா. ரெண்டும் டிரையாப் போனா தொண்டையில நிக்கும்."

ஞாயிறு மதியம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் மெனு கார்டை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை படித்தேன். "இங்க வந்து எத்தன வருஷம் ஆச்சு?" என்று கேட்டாள் கோகிலா. "ஒன்பது" என்றேன். சித்தி தண்ணீர் குடித்தார். சிறிது நேரம் கழித்து மறுபடியும் குடித்தார். பெண்ணின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்க பாய் கரண்டியோடு வெளியே வந்து நின்றார். கோகிலா சுவரில் இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்னங்க மத்தூரியன்?"

எனக்கு அந்தத் தமிழாசிரியர் ஞாபகம் வந்தார்.

"அது மத்தூர் ஐட்டம்மா. அங்கல்லாம் வீட்டுக்கு வீடு..." என்று ஆரம்பித்தார் பாய்.

"நான் மத்தூருதாங்க. பொறந்து வளந்ததெல்லாம் அங்கதான். வீட்டுக்கு வீடு களிதான் கிண்டுவாங்க."

பாய் முகம் சுருங்கியதை ஒன்பது வருடத்தில் அன்றுதான் பார்த்தேன். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதற்குள் கரண்டி மெல்ல உயர்ந்துகொண்டிருந்தது. அடுத்து கன்னடம்தான். சித்தி எழுந்துவிடுவார், அம்மா போனை எடுக்க மாட்டாள்.

என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இல்லங்க, பாய் சொல்றது நெசந்தான். ஒங்க ஊருக்காரரு ஒருத்தரு அந்தக் காலத்துல சீனாவுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்காரு. போகும்போது மூட்டையில ரெண்டு காலிபிளவரு. அங்க களி கிண்ட ராகி கெடைக்கல. பசி. மாவுல முக்கிப் பொரிச்சிருக்காரு. அரசர் அந்தப் பக்கமா வந்து மோந்து பாத்து, இது என்னய்யான்னு கேட்ருக்காரு. இவருக்குப் பாசை தெரியாது. எந்த ஊருன்னு கேக்காருன்னு நெனச்சு, மத்தூருன்னு சொல்லிட்டாரு..."

ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசினேன். எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியாது. கோகிலா மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன் சித்தி, இவருக்கா வாயே தெறக்காதுன்னு சொன்னாங்க?" என்றாள்.

பாய் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளேட் கோபி. ஆவி பறக்கும் கிரேவி. அதை என் முன்னால் வைத்தார்.

"தப்பு என்னோடது தம்பி. நீ டிரை இல்ல."

பலகையில் இருந்த தப்பைக்கூட ஒப்புக்கொள்ளாத மனிதர் அவர்.

கல்யாணம் மத்தூரில்தான் நடந்தது. முதல்முறையாகச் சூளகிரியைத் தாண்டிய பாய், பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் மெதுவாக, "இங்க மத்தூரியன் எங்க கெடைக்கும்?" என்று கேட்டிருக்கிறார். கோகிலா ஊர் முழுக்கக் கதையைப் பரப்பி வைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

"எங்க ஊரு ஐட்டம்தாங்க அது. ஆனா இப்ப ஓசூர்ல ஒரு பாய் மட்டுந்தான் போடறாராம்" என்றிருக்கிறார் டீக்கடைக்காரர்.

இதை மண்டபத்தில் என்னிடம் சொல்லும்போதே பாயின் கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை.

"நானும் கிரேவி போலருக்குடா" என்றார்.

பலகை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. யாராவது அதைத் திருத்த வந்தால், பாய் கையிலிருந்து கரண்டியை வாங்கி நானே வாசல் பக்கம் நீட்டுவேன்.