வெண்ணாற்றங்கரையில் ஐரோப்பா

ஐரோப்பாவின் பாதுகாப்பைப் பற்றி ஐரோப்பியர்களைவிட அதிகம் கவலைப்பட்ட மனிதர் நீடாமங்கலத்தில் சலூன் வைத்திருந்தார். எங்களுக்கு அவர் பெயரே ‘ஐரோப்பா’தான்.

சோவியத் யூனியன் சிதறிய வருடங்கள் அவை. எங்கள் தெருவில் பாதி ஆண்கள் ஷார்ஜாவுக்கும் மஸ்கட்டுக்கும் போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களின் கழுத்தில் சவரக்கத்தியை வைத்துக்கொண்டுதான் அவர் கேள்வி கேட்பார்.

“சொல்லுங்க சார், அத்தனை பணக்கார நாடு ஒண்ணா இருக்கு. காவலுக்கு மட்டும் அமெரிக்காக்காரன் கடல் தாண்டி வரணுமா? நாளைக்கு அவன் வரலைன்னா?”

“வரலைன்னா கஷ்டந்தாங்க” என்பேன். கத்தி இருந்த இடம் அப்படி.

“கஷ்டம் இல்ல சார், வெக்கம்! அவங்க வீட்ட அவங்கதானே பாத்துக்கணும்?”

இந்த ஆவேசத்தில் ஒருமுறை தபால்காரரின் மீசையில் ஒரு பக்கம் போய்விட்டது. ஐரோப்பா சற்றும் கலங்காமல் மறுபக்கத்தையும் எடுத்துவிட்டு, “இப்ப ரெண்டு தரப்பும் சமபலம்” என்றார்.

அந்தக் கார்த்திகையில் வெண்ணாறு கரை தொட்டு ஓடியது. ஒரு மத்தியானம், எனக்குப் பாதிச் சவரம் முடிந்திருந்தபோது பூக்காரம்மா ஓடிவந்தார்.

“கரையில தண்ணி கசியுதுங்க! பொதுப்பணித்துறை ஆபீசுக்கு ஆள் போயிருக்கு. அவங்க வர்ற வரைக்கும் என்னங்க பண்றது?”

ஐரோப்பா கத்தியை மடித்து இடுப்பில் செருகினார். “அவங்க வர்றப்ப வரட்டும். கரை நம்மளோடது. எந்திரிங்க சார்!”

சோப்பு நுரையோடு ஓடினேன். ஆண்கள் போதவில்லை. அவர் வீடுவீடாகக் கதவைத் தட்ட, பெண்கள் சாக்குகளோடு வந்தார்கள். மண்ணை நிரப்பிக் கைமாற்றி அடுக்கினோம். திடீரென்று ஓரிடம் சரிந்து நான்கு மூட்டைகள் ஆற்றோடு போயின. ஐரோப்பா அந்த இடைவெளியில் குதித்து, மார்பளவு தண்ணீரில் முதுகைக் கொடுத்து நின்றுவிட்டார். “பாக்காதீங்க, போடுங்க!” என்று மட்டும் கத்தினார். அவர் ஐரோப்பாவைப் பற்றிப் பேசாமலிருந்து நான் பார்த்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

கசிவு நின்ற பிறகு ஜீப் வந்தது. “இங்க யார் பொறுப்பு?” என்றார் அதிகாரி, என் அரைத்தாடியைச் சந்தேகமாகப் பார்த்தபடி.

ஐரோப்பா பெண்களைக் காட்டினார். “இவங்க எல்லாருந்தான் சார்.”

பிறகு கரையிலேயே என்னை உட்காரவைத்து, ஆற்றுத் தண்ணீரால் மறுபாதியையும் முடித்தார்.

மறுநாள் காலை சலூன் திறந்தே கிடந்தது. முழங்கால்வரை சேறு காய்ந்திருக்க, வாய் பிளந்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். பெஞ்சில் ஐந்தாறு பேர் காத்திருந்தோம். யாருக்கும் அவரை எழுப்ப மனம் வரவில்லை. ஒருவர் ரேடியோவை நிறுத்தினார். வெயில் மெல்ல அவர் முகத்துக்கு ஏறியபோது, நான் எழுந்துபோய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன்.