காலியிடத்துக்கு முதலிடம்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் கழித்து, விடுதியோடு கூடிய பள்ளியில் பிள்ளைக்கு இடம் தேடுகிறவர், ரயில் போன பிறகு டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கிறவருக்கு அண்ணன்.

லிஃப்ட் மெக்கானிக் அப்படித்தான் நின்றார். அவருக்கும், நர்ஸ் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கும், மலைமேல் அணை கட்டுகிற இடத்துக்கு ஒரே நாளில் வேலை உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமை அங்கே இருக்க வேண்டும். அங்கே கிரேன் உண்டு, சிமென்ட் மூட்டை உண்டு, பள்ளிக்கூடம் மட்டும் கிடையாது. ஏழாவது படிக்கிற ஒரே மகளுக்கு விடுதி கிடைக்காவிட்டால் இரண்டு வேலையில் ஒன்று அம்பேல்.

பத்துப் பள்ளி ஏறி இறங்கியாயிற்று. ஒன்றில், “தாமதச் சேர்க்கைக்கு முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும்” என்றார்கள். இன்னொன்றில் இடம் இருந்தது. ஆனால், “இடம் இருக்குன்னு வெளிய தெரிஞ்சா எங்க மதிப்பு என்ன ஆகும்?” என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை, பதினோராவது பள்ளி. விடுதி ஜன்னல் வழியே மெக்கானிக் விரல் விட்டு எண்ணினார். நாற்பது கட்டில். கடைசிக் கட்டிலில் மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. துள்ளிக் குதித்து அலுவலகத்துக்கு ஓடினார், மகள் பின்னாலேயே.

“சார், நாற்பதாவது கட்டில்ல யாரு இருக்கா?”

“காலியிடம்” என்றார் குமாஸ்தா.

“அப்பாடா! அதைத்தான் கேக்க வந்தோம்.”

“அதைக் குடுக்க முடியாதே. அதுல காலியிடம் இருக்காளே.”

குமாஸ்தா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். வரிசை எண் நாற்பது. மாணவி பெயர்: காலியிடம். தந்தை பெயர்: ஒரு கோடு. மூன்று வருடத்துக்கு முன் யாரோ ஒரு புண்ணியவான், இடம் நிரம்பவில்லை என்பதைப் பெயர்க் கட்டத்தில் பென்சிலால் எழுதிவைத்தார். அடுத்து வந்தவர் அதை மையால் எழுதினார். அதற்கும் அடுத்தவர் கம்ப்யூட்டரில் ஏற்றினார். காலியிடம் நாலாம் வகுப்பில் முறைப்படி சேர்ந்து, வருடா வருடம் தேறி, இப்போது ஏழாவது படிக்கிறாள்.

“வகுப்புக்கு ஒழுங்கா வர்றாளா?” என்று கேட்டாள் மகள்.

“நூத்துக்கு நூறு வருகை. அவ வரலைன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் புகார் சொன்னதில்ல.”

“கணக்குல எவ்வளவு?”

“தொண்ணூத்தெட்டு. அவ விடைத்தாள்ல தப்புன்னு ஒண்ணு காட்டுங்க பாப்போம்!”

“மிச்சம் ரெண்டு மார்க்?”

“கையெழுத்து சரியில்லைன்னு குறைச்சிருக்காங்க.”

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை அம்மையார் எழுந்தருளினார். விவரம் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. “காலியிடத்தையா வெளிய அனுப்பச் சொல்றீங்க? சாப்பாட்டுல ஒரு குறை சொன்னதில்ல. ஒரு டம்ளர் உடைச்சதில்ல. போன வருஷம் நன்னடத்தைக் கோப்பையே அவளுக்குத்தான்!”

“மேடைக்கு வந்து வாங்கினாளா அம்மா?”

“வரலை. அவ்வளவு அடக்கம்.”

“அப்படி ஒரு பொண்ணே இல்லீங்களே!”

“இல்லைங்கறதுக்கு உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கு? இருக்காங்கறதுக்கு எங்ககிட்ட மூணு வருஷப் பதிவேடு இருக்கு.”

இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்ட லிஃப்டோடு சண்டை போட்டால் அது இறங்காது என்பது மெக்கானிக்கின் இருபது வருட அனுபவம். மகள்தான் அவர் காதைக் கடித்தாள். “அப்பா, அவளுக்கு அப்பா பேரு கோடுதானே? நீங்க எழுதிடுங்க.”

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். “மன்னிக்கணும் அம்மா. காலியிடம் எங்க பொண்ணுதான். ஊருக்கு வந்தவளைத் திரும்பக் கொண்டுவந்து விடறேன்.”

குமாஸ்தாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “இதை முதல்லயே சொல்லக் கூடாதா? பழைய மாணவிக்குச் சேர்க்கையே வேண்டாமே!” கோட்டின் மேல் மெக்கானிக்கின் பெயர் ஏறியது. மகள் பிளாஸ்டிக் உறையை டர்ரென்று கிழித்தாள். திங்கட்கிழமை அப்பாவும் அம்மாவும் மலை ஏறினார்கள்.

இரண்டாம் மாதம் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது.

“தங்கள் மகள் செல்வி காலியிடத்தின் நடத்தை அண்மைக் காலமாக ஆழ்ந்த கவலைக்குரியதாக உள்ளது. வகுப்பில் சந்தேகம் கேட்கிறாள். சாப்பாடு இரண்டாம் முறை கேட்கிறாள். காரணமின்றிச் சிரிக்கிறாள். கணக்கில் அறுபத்தொன்று. பழைய காலியிடத்தைப் போலவே தம் பிள்ளைகளையும் ஆக்கித் தருமாறு முப்பத்தொன்பது பெற்றோர் மனுக் கொடுத்திருப்பதால், அதற்கெனச் சிறப்புப் பயிற்சி வகுப்பு தொடங்கப்படுகிறது. இடங்கள் வேகமாக நிரம்பி வருகின்றன.”

புருஷனும் பெண்டாட்டியும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மனைவி கடிதத்தை வாங்கி இன்னொரு தரம் பார்த்தாள். “அறுபத்தொண்ணுன்னா போட்டிருக்கு?” என்றாள். மெக்கானிக்கும் எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. உடனே விடுதிக்குப் போன் போட்டார்.

“ஏம்மா, அதே பள்ளிக்கூடம், அதே டீச்சர், அதே கட்டில். அவளால தொண்ணூத்தெட்டு வாங்க முடிஞ்சுதே, உன்னால ஏன் முடியல?”

“அதுக்கு நான் இல்லாம இருக்கணும்ப்பா!”

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். மனைவி சரியென்று தலையாட்டினாள்.

“கஷ்டம்தான் கண்ணு” என்றார் அவர், மிகுந்த பாசத்தோடு. “கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாரேன்.”