புளிக்காத பால்

"அந்தப் பாலை எடுத்துடு மோட்ரிஸ்," என்றாள் தயாரிப்பாளர் சனிட்டா.

எடிட்டிங் அறையில் இயக்குநர் மோட்ரிஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். சோவியத் காலத்துத் தணிக்கையால் நொந்துபோன கவிஞர் அல்டோனிஸைப் பற்றிய படம். தலையில் இருந்த முடியெல்லாம் இதற்காகவே கொட்டியிருந்தது. படத்தின் உயிரே தடைசெய்யப்பட்ட அவருடைய வரிதான்: 'மந்தையின் பால் புளித்தது, மேய்ப்பன் மட்டும் தித்திப்பு என்றான்.'

"அந்த வரியாலதானே மனுஷனுக்கு வேலையே போச்சு?"

"போகட்டும். நமக்குப் பணம் குடுக்கறது பால் கம்பெனி. அவங்க பால் புளிக்கவே புளிக்காதாம்."

கலைஞன் வளையலாம், ஒடியத்தான் கூடாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, மோட்ரிஸ் பாலைப் பீராக மாற்றினார். மறுநாளே பீர் கம்பெனி கூப்பிட்டது. முதல் காட்சி விருந்துக்குப் பீர் அவர்கள் உபயம்.

பீரை மழையாக்கினார். சுற்றுலாத் துறை முகம் சுளித்தது.

"கோடையில படம் வருது. நம்ம ரீகா நகரத்துல மழைன்னா எவன் சுற்றிப்பாக்க வருவான்னு கேக்கறாங்க," என்றாள் சனிட்டா.

"சரி, வரியே வேண்டாம். கவிஞர் சிகரெட்டைப் பிடிச்சுக்கிட்டு சும்மா முறைக்கட்டும்."

"பள்ளிக்கூடத்துல எல்லாம் போடணும்ப்பா. சிகரெட் கூடாது."

"முறைக்கவாவது செய்யலாமா?"

"யாரை முறைக்கிறார்னு அமைச்சகத்துல கேக்கறாங்க."

முறைப்பும் போயிற்று. கடைசியில் கவிஞர் டிராமில் ஏறினார், பத்திரமாக இறங்கினார். நடுவில் சுதந்திர தாகத்துக்கென்று வயலின் அழுதது.

முதல் காட்சியில் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மேடையேறிய மோட்ரிஸ், "சொல்லைக் கொன்றவர்களை வரலாறு மன்னிக்காது," என்று தழுதழுத்தார். பால் கம்பெனி முதலாளியே எழுந்து நின்று தட்டினார்.

வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி மோட்ரிஸின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. கவிஞரின் சொந்தக்காரராக இருப்பார் என்று நினைத்து மோட்ரிஸ் பணிவாகக் குனிந்தார்.

"கவிஞருக்கு நீங்க என்ன வேணும்மா?"

"அவர் புத்தகத்தைத் தணிக்கை பண்ணினதே நான்தான் தம்பி. அந்த ஒரே ஒரு வரியைத்தான் வெட்டினேன். மிச்சத்துல கைவைக்க எனக்கு மனசு வரலை."